அளவுச் சொற்களும் ஆங்கிலப் பெயர்களும்: மட்டக்களப்பு மாணாக்கரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

ஆங்கில பாஷையில் அளவையும் தொகையையும் உணர்த்தும் சொற்களை அவ்வவற்றுக்குரிய பெயர்களோடு பொருத்தி வழங்குதல் தமிழ் மாணாக்கர்க்கு ஏன் இத்துணை இடர் விளைவிக்கின்றது என்னும் வினா, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலுமுள்ள பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் உபாத்தியாயர் எவர்க்கும் புதியதன்று. "மெனி" வரவேண்டிய இடத்தில் "மச்" வருவதும், "ஃபியூ" என்பதும் "லிற்றில்" என்பதும் இடம் மாறி நிற்பதும், பன்மை விகுதி வேண்டுமிடத்து விடுபட்டும் வேண்டாத இடத்து ஏறியும் தோன்றுவதும் மாணாக்கரின் கட்டுரைகளிற் சர்வ சாதாரணமாகக் காணப்படுவன. இவற்றை அறியாமையால் விளைந்த பிழைகள் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின் இப்பிழைகள் மனம்போனபடி விளைவனவல்ல; அவற்றுக்கு ஒரு கிரமம் உண்டு; அக்கிரமத்தின் காரணம் ஆங்கில வியாகரணத்தில் மட்டுமன்றித் தமிழ் வியாகரணத்திலும் கிடக்கின்றது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

இப்பிரதேசத்தில் ஆங்கிலக் கல்வி நீண்ட வரலாறுடையது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பாடசாலை, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873 இல் புனித மிக்கேல் கல்லூரியின் வரலாறு தொடங்கியது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே வல்லவராய், கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை 1929 இல் நிறுவினார். அந்நாளில் இக்கல்லூரிகளிற் பயின்ற சிலருக்கு ஆங்கிலமே போதனாமொழியாய் இருந்தமையால், எப்பெயரோடு எவ்வளவுச் சொல் இயையும் என்பது விதியாகக் கற்பிக்கப்படாமலே செவிவழியாக அவர்களிடம் படிந்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்து, தாய்மொழிவழிப் போதனையும் படிப்படியாகப் பரவிய பின்னர், ஆங்கிலம் சிலருடைய போதனாமொழி என்னும் நிலை நீங்கி எல்லாரும் கற்கும் ஒரு பாடமாயிற்று. இம்மாற்றம் போற்றத்தக்கது, அதில் எமக்கு ஐயமில்லை. எனினும், வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் வயற்கிராமமொன்றில் வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றையேனும் கேளாது வளரும் பிள்ளைக்குச் செவி செய்துவந்த வேலையை இனி விதியே செய்தாகவேண்டும் என்பதையும், ஆகவே அவ்விதி பிழையறக் கூறப்படல் இன்றியமையாதது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அவ்விதியை நூலாசிரியர்கள் எவ்வாறு கூறிவந்தனர் என்று நோக்குவோம். இந்தியாவிலும் இலங்கையிலும் பெருவழக்கிலிருந்த நெஸ்ஃபீல்ட் என்பாரின் இலக்கண நூல்கள், பொன், நீர், உப்பு முதலியவற்றை மூலப்பொருட் பெயர்கள் என ஒரு தனி வகையாக்கின. அவருக்குப் பின் வந்த றென், மார்ட்டின் என்னும் இருவரின் நூல், அடைமொழிகளுள்ளும் அளவு குறிப்பன, எண் குறிப்பன என்பவற்றை வெவ்வேறு வகைகளாகப் பிரித்தது. டென்மார்க்கு தேசத்துப் பேரறிஞரான ஒட்டோ ஜெஸ்பர்சன், 1924 இல் வெளிவந்த தமது "இலக்கணத்தின் தத்துவம்" என்னும் நூலில், எண்ணப்படுவன, எண்ணப்படாதன என்னும் பாகுபாட்டைத் தெளிவுற விளக்கி, பின்னவற்றுட் பிழம்புச் சொற்கள் என்று சொல்லத்தக்க ஒரு வகுப்பையும் காட்டினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹோர்ன்பி என்பார் 1942 இல் டோக்கியோவில் வெளியிட்டதும், 1948 இல் ஒக்ஸ்ஃபோர்ட் பதிப்பாக மறுபடி வந்ததுமாகிய அகராதி, பெயர்களின் அருகில் "சி" அல்லது "யூ" என்னும் எழுத்தைப் பொறித்து, அவை எண்ணப்படுவனவோ அன்றோ என்று அறிவித்தது. ஆங்கிலேயர் தமக்கென ஆக்கிய அகராதிகளில் இக்குறி அந்நாளில் இல்லை. அது வேண்டியிருந்தது ஆசியாவின் மாணாக்கர்க்கே. ஒருமை பன்மை வேறுபாட்டைப் பெயர்ச்சொல்லில் வற்புறுத்தாத ஜப்பானிய பாஷையைப் பேசுவோர் நடுவில் இருந்து அந்நூல் பிறந்ததென்பது, தமிழரும் சிந்திக்கத்தக்க விஷயம்.

இந்நூல்களின் பாகுபாடு வகுப்பறைக்கு வந்து சேரும்போது, "எண்ணக்கூடிய பொருள், எண்ணமுடியாத பொருள்" என்று சுருங்கிவிடுகின்றது. இங்கேதான் தவறு நுழைகின்றது. பணத்தை எண்ணமுடியாது என்று கூறினால், சந்தையில் நாள்தோறும் நாணயத்தாள்களை எண்ணி மடியிற் செருகும் தாயின் மகன் அதனை எங்ஙனம் ஒப்புவான்? ஆயினும் ஆங்கிலத்தில் "மனி" என்பது எண்ணப்படாத பெயரே. கோதுமையைக் குறிக்கும் "வீற்" என்னும் சொல் எண்ணப்படாத ஒருமையாய் நிற்க, அதனையொத்த இன்னொரு தானியமாகிய "ஓட்ஸ்" பன்மையில் நடக்கின்றது. பட்டாணியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் "பீஸ்" என ஒரு தொகுதிப் பெயராய் இருந்தது; அதன் இறுதி ஒலியைப் பன்மை விகுதியென்று பிற்காலத்தார் மயங்கியமையால் "பீ" என்னும் ஒருமை புதிதாகத் தோன்றியது. பட்டாணி மாறவில்லை, சொல்லின் வகுப்பு மாறிற்று. ஆதலின் எண்ணப்படுதல் என்பது பொருளின் சுபாவமன்று, அப்பொருளை ஒரு பாஷை நோக்கும் முறையாம் என்று கொள்ளுதலே பொருத்தம்.

இந்நோக்கு வேறுபாட்டுக்கு எம் வாவியே ஓர் அரிய உதாரணம் தருகின்றது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தபோது, நீரின் அடியிலிருந்து எழுவதாகச் சொல்லப்பட்ட இசையைக் கேட்பதற்கு நிலாவெழுந்த இரவில் வாவியிற் சென்றார். தாம் கேட்டது நீண்டு ஒலிக்கும் ஒற்றை நாதமன்றென்றும், ஒவ்வொன்றும் தனித்தனியே தெளிவாய்க் கேட்கும் எண்ணிறந்த நுண்ணொலிகளின் கூட்டமென்றும் அவர் பின்னர் எழுதினார். "சவுண்ட்" என்னும் ஒரே பெயரை விகுதியின்றி வழங்கினால் அது பிரிவின்றிப் பரந்த ஒலி. பன்மை விகுதியோடு வழங்கினால் அவை தனித்தனி ஒலிகள். முன்னதற்கு "மச்" உரியது, பின்னதற்கு "மெனி" உரியது. நீரின் அடியில் ஒலித்தது ஒன்றே. எண்ணப்படுவதா அன்றா என்பதைத் தீர்த்தது கேட்டவரின் செவியும் அவர் தெரிந்த சொல்லுருவமும்.

இனித் தமிழின் பக்கம் திரும்புவோம். தமிழர்க்கு இப்பாகுபாடே தெரியாது என்னும் அபிப்பிராயம் சிலரிடம் உண்டு. அது முற்றும் தவறு. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நான்காக வகுத்தவர் நம் முன்னோர். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே எண்ணுப்பெயர், நிறைப்பெயர், அளவுப்பெயர் என்பவற்றை வேறுவேறாக வைத்து, அவற்றின் புணர்ச்சியை விரித்துரைக்கின்றது. மட்டக்களப்புச் சந்தையை ஒருமுறை சுற்றி வந்தால் இவ்வகுப்புக்களைக் கண்ணாரக் காணலாம். தேங்காய் எண்ணி விற்கப்படும். இறால் நிறுத்து விற்கப்படும். சிறுமீன் கூறு வைத்து விற்கப்படும். துணி முழத்தால் அளக்கப்பட்ட காலமும் உண்டு. நெல்லோ மரைக்காலாலும் அவணத்தாலும் அளக்கப்பட்டு வந்தது. எருமைத்தயிர் சட்டிக் கணக்கிற் போகும். ஆங்கிலம் இரண்டாகக் காண்பதைத் தமிழ் நான்காகக் கண்டது என்பதே உண்மை.

வினாச் சொற்களிலும் இவ்வேறுபாடு துலக்கமாய் இருக்கின்றது. "எத்தனை தேங்காய்" என்போம், "எவ்வளவு தேன்" என்போம். "எத்தனை தேன்" என்று கேட்பார் எவருமிலர். "எவ்வளவு பணம்" என்றும் "எத்தனை ரூபா" என்றும் கேட்குமிடத்து, "மனி" என்பதை எண்ணாது "றுப்பீஸ்" என்பதை எண்ணும் ஆங்கில வழக்கும் தமிழ் வழக்கும் அணுவளவும் வேறுபடவில்லை. ஆகவே உபாத்தியாயர் நீண்ட விளக்கமொன்றும் இன்றி, "தமிழில் எத்தனை என்று கேட்பாயா, எவ்வளவு என்று கேட்பாயா" என்று வினவினாலே, பெரும்பாலான பெயர்களுக்கு மாணாக்கன் சரியான விடையைத் தானே கண்டடைவான். நீர், பால், தேன், மணல், உப்பு, சீனி, அரிசி, நேரம், அன்பு எல்லாம் இவ்வொரு வினாவில் அடங்கிவிடுகின்றன. இத்துணை எளிய துணையைப் பல பாடநூல்கள் பயன்படுத்தாமல் விட்டமை வருந்தத்தக்கது.

ஈண்டு ஒரு நுட்பத்தையும் குறிப்பிடல் வேண்டும். இவ்வெல்லை இரு பாஷைகளிலும் ஒரு பக்கமாகவே மீறப்படுகின்றது. பேச்சில் நாம் "எவ்வளவு பேர் வந்தார்கள்" என்கின்றோம். "கொஞ்சப் பேர்" என்கின்றோம். "கனக்கச் சனம்" என்கின்றோம். ஆனால் எண்ணுக்குரிய "சில", "பல" என்னும் சொற்கள் ஒருபோதும் தண்ணீரின் மேலோ பாலின் மேலோ ஏறுவதில்லை. ஆங்கிலத்திலும் அளவுக்குரிய "லெஸ்" என்னும் சொல் புத்தகங்களின் மேலும் மனிதரின் மேலும் ஏறுகின்றது. எண்ணுக்குரிய "ஃபியூவர்" என்பதைத் தண்ணீரோடு சேர்ப்பார் எவருமில்லை. அளவின் சொல் எண்ணின் நிலத்துட் புகும். எண்ணின் சொல் அளவின் நிலத்துட் புகாது. தொடர்பற்ற இரு பாஷைகளும் இவ்விடயத்தில் ஒத்து நடத்தலை நோக்குமிடத்து, பலவாய்க் கிடக்கும் பொருள்களை ஒரு குவியலாகக் காண்பது மனித மனத்துக்கு எளிது, குவியலைப் பலவாகக் காண்பதே அரிது என்று நாம் ஊகிக்கின்றோம்.

இவ்வாறாயின் பிழைகள் எங்கிருந்து வருகின்றன? முதற் காரணம், நன்னூலார் பால்பகா அஃறிணைப் பெயர் என்று குறித்த இயல்பு. "மாடு வந்தது", "மாடு வந்தன" என்னும் இரண்டிலும் மாடு என்னும் பெயர் மாறவில்லை; ஒருமையும் பன்மையும் வினையாலே விளங்கின. "பத்து மாடு" என்றால் தமிழிற் குறைவொன்றுமில்லை. எண் முன்னே நிற்பதால் "கள்" விகுதி வேண்டியதில்லை. இவ்வியல்போடு வளர்ந்த பிள்ளை "ரென் கௌ" என்று எழுதுதல் முற்றிலும் இயற்கையானது. தமிழின் தொகைச் சொற்கள் திணையை நோக்கி, "பலர்" என்றும் "பல" என்றும் பிரிய, ஆங்கிலத்தின் தொகைச் சொற்கள் திணையை நோக்காமல் எண்ணப்படும் இயல்பையே நோக்குகின்றன என்பதும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் மக்களுக்கும் மாட்டுக்கும் ஒரே "மெனி" தான்.

இரண்டாவது காரணமே பெரிது. அதிலேயே இப்பொருளின் முழுச் சிக்கலும் திரண்டிருக்கின்றது. தமிழ் எண்ணுகின்ற சிலவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. தகவல், செய்தி, புத்திமதி, தளபாடம், உபகரணம், பயணப்பொதி, ஆராய்ச்சி, சான்று என்பவற்றைத் தமிழில் "இரண்டு தகவல்", "சில தளபாடங்கள்", "பல சான்றுகள்" என்று தயக்கமின்றி எண்ணுவோம். ஆங்கிலத்தில் இவற்றின் நேர்ச் சொற்களாகிய "இன்ஃபர்மேஷன்", "நியூஸ்", "அட்வைஸ்", "ஃபேர்னிச்சர்", "எக்குவிப்மென்ற்", "லகேஜ்", "றிசேர்ச்", "எவிடென்ஸ்" யாவும் எண்ணப்படாதன. "நியூஸ்" என்பதன் இறுதியில் பன்மை விகுதி போன்றதொரு ஒலி இருந்தும் அச்சொல் ஒருமையாக நடத்தல் குழப்பத்தை இரட்டிப்பாக்குகின்றது. நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம், ஆனால் அவை சேர்ந்த "ஃபேர்னிச்சர்" என்பதை எண்ணலாகாது என்றால் பிள்ளை திகைப்பது இயல்பே. இங்கே "எவ்வளவா எத்தனையா" என்னும் வினா உதவாது. தவறான விடையையே தரும்.

இலங்கைத் தமிழின் அன்றாட வழக்கும் இச்சிக்கலுக்குத் தன் பங்கைத் தருகின்றது. கடைக்குச் சென்று "இரண்டு பாண் தாருங்கள்" என்கின்றோம். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த பாண் என்னும் அச்சொல் எம் வழக்கில் அவ்வுணவையும் சுட்டும், சுட்டெடுத்த ஒரு முழுத் துண்டத்தையும் சுட்டும். ஆங்கிலத்தின் "பிறெட்" உணவை மாத்திரம் சுட்டும். துண்டத்துக்கு "லோஃப்" என்று வேறு சொல் வேண்டும். "ஒரு சவர்க்காரம்" என்றால் ஒரு கட்டி என்று கடைக்காரர் அறிவார். ஆங்கிலத்தில் "பார்" என்பதைச் சேர்த்தாலன்றி அது நிரம்பாது. உபாத்தியாயரின் கையிலுள்ள வெண்கட்டியும் அத்தகையதே. "ரூ சோக்ஸ்" என்று எழுதும் மாணாக்கன் "இரண்டு வெண்கட்டி" என்பதையே நேராகக் கொண்டு சென்றிருக்கின்றான். எனவே இத்தகைய சொற்களைக் கற்பிக்குமிடத்து, பெயரைத் தனியே கற்பித்தல் போதாது. "எ லோஃப் ஒஃப்", "எ பார் ஒஃப்", "எ பீஸ் ஒஃப்" என்னும் அளவைத் தொடரோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும். "ஒரு சட்டி தயிர்", "ஒரு போத்தல் தேன்", "ஒரு மூடை நெல்" என்று நாவிற் பழகியவர்க்கு இவ்வமைப்பு அந்நியமன்று. அதே அமைப்பைப் புத்திமதிக்கும் தகவலுக்கும் நீட்டுவதே எஞ்சியுள்ள வேலை.

"எ ஃபியூ" என்பதற்கும் "ஃபியூ" என்பதற்கும், "எ லிற்றில்" என்பதற்கும் "லிற்றில்" என்பதற்கும் உள்ள பேதம் வேறு வகையானது. முன்னவை சிறிதேனும் உண்டு என்னும் திருப்தியையும், பின்னவை போதாது என்னும் குறையையும் உணர்த்துவன. தமிழ் இதனை ஏகாரத்தாலும் "தான்" என்னும் இடைச்சொல்லாலும் நன்கு உணர்த்தும். "சிலர் வந்தனர்" என்பது முன்னது. "சிலரே வந்தனர்" என்பது பின்னது. "குளத்தில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது" என்றால் வேளாண்மைக்கு நம்பிக்கை உண்டு; "கொஞ்சந்தான் இருக்கிறது" என்றால் கவலை தொனிக்கின்றது. பொருள் மாணாக்கனுக்குத் தெரிந்ததே. இடர் எங்கேயெனில், குறையை உணர்த்தத் தமிழ் ஒரு சொல்லைக் கூட்டுகின்றது, ஆங்கிலமோ ஒரு சொல்லைக் குறைக்கின்றது. இல்லாமையால் ஒரு பொருள் விளங்கும் என்பதை ஊன்றிக் காட்டாவிடின், "எ" என்னும் அச்சிற்றெழுத்தை மாணாக்கன் அலங்காரமென்றே எண்ணுவான்.

"லெஸ்", "ஃபியூவர்" என்னும் விவாதத்தைப் பற்றி இங்கு மிகுத்துரைக்க வேண்டியதில்லை. எண்ணப்படுவனவற்றுக்கு "ஃபியூவர்" என்பதே வேண்டும் என்னும் நியதி, 1770 இல் றொபேட் பேக்கர் என்பார் தமக்கு அதுவே நயமும் செம்மையும் உடையதாகத் தோன்றுகின்றதென்று எழுதிய கருத்திலிருந்து வளர்ந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஆங்கிலேயர் "லெஸ்" என்பதை இரண்டிடத்தும் வழங்கியே வந்தனர். இன்றும் தூரம், காலம், பணம் ஆகியவற்றை ஒரு மொத்தமாகக் கருதுமிடத்து, "லெஸ் தன் ஃபைவ் மைல்ஸ்" என்பதே இயல்பான பிரயோகம். பரீட்சையில் "ஃபியூவர்" என்று எழுதுதல் பாதுகாப்பானது, அவ்வளவில் விட்டுவிடலாம். "சம்", "எனி" என்பன இருவகைப் பெயரோடும் சேர்வன ஆதலால், அவற்றின் சிக்கல் உடன்பாடு எதிர்மறை பற்றியதேயன்றி எண்ணப்படுதல் பற்றியதன்று. "எ லொட் ஒஃப்" என்பதும் அவ்வாறே இருவகைக்கும் பொது. உடன்பாட்டு வாக்கியங்களில் "மச்" என்பதை இக்காலப் பேச்சாங்கிலம் பெரும்பாலும் தவிர்ப்பதால், தொடக்க வகுப்பினர்க்கு இத்தொடரையே முதலிற் பழக்குதல் நன்று.

"இன்ஃபர்மேஷன்ஸ்", "எக்குவிப்மென்ற்ஸ்", "ஃபேர்னிச்சர்ஸ்" என்னும் பன்மைகள் தெற்காசியாவெங்கும் அலுவலகக் கடிதங்களில் வழங்குவன; இவை பிழைகளல்ல, எம் நாட்டு ஆங்கிலத்தின் இயல்புகளே என்று வாதிடும் அறிஞரும் உளர். ஆங்கிலமும் ஒருகாலத்தில் இவற்றுட் சிலவற்றை எண்ணியதுண்டு என்பதும், பிரெஞ்சு பாஷை தகவலை இன்றும் எண்ணுகின்றது என்பதும் அவர் வாதத்துக்குத் துணையாவன. பாஷையின் வரலாற்றை நோக்கின் அவர்கள் கூற்றில் நியாயமுண்டு. நாமும் அதனை மறுக்கவில்லை. ஆனால் வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ, கொழும்பிலும் கடல் கடந்தும் உத்தியோகத்துக்கோ விண்ணப்பம் எழுதும் இளைஞனை மதிப்பிடுவோர் பாஷை வரலாற்றை நோக்கி மதிப்பிடுவதில்லை. ஒரு விகுதியால் அவனுடைய அறிவே குறைத்து எண்ணப்படுமாயின், அவ்வநீதிக்கு அவனை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்யாமல் விடுதல் ஆசிரியரின் கடமையாகாது. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலோ பிரத்தியேக வகுப்பிலோ கிடைக்கும் இத்திருத்தம், எல்லைக் கிராமத்துப் பிள்ளைக்குப் பாடசாலையிற் கிடையாவிடின் வேறெங்கும் கிடைப்பதில்லை.

ஆகவே போதனையின் வரிசையைச் சற்றே மாற்றல் வேண்டும் என்பது எமது துணிபு. நீர், பால், மணல் என்பவற்றில் பாடவேளைகளைச் செலவிடுதல் வீண். அவற்றை "எவ்வளவு" என்னும் ஒரு வினாவே தீர்த்துவிடும். தமிழ் எண்ணி ஆங்கிலம் எண்ணாத பெயர்கள், பாடசாலையளவிற் பயில்வன, முப்பது நாற்பதுக்கு மேற்படா. அவற்றை அளவைத் தொடரோடு சேர்த்து ஆண்டுதோறும் மீட்டும் மீட்டும் வழங்கச் செய்தல் வேண்டும். இடைவெளி நிரப்பும் வினாக்களில் மட்டும் இவற்றைச் சோதிப்பதால் பயன் சிறிது. சந்தையில் வாங்கிய பொருள்களைப் பற்றியும், வீட்டிலுள்ள தளபாடங்களைப் பற்றியும், வானொலியிற் கேட்ட செய்தியைப் பற்றியும் முழு வாக்கியங்களாக எழுதச் செய்யும்போதே பிழை வெளிப்படும், திருத்தமும் மனத்திற் பதியும்.

ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் கற்போர்க்கென அமைந்த ஆங்கில அகராதி ஒன்றேனும் மாணாக்கரின் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். ஹோர்ன்பி பொறித்த அவ்விரு எழுத்துக்களைப் பார்க்கும் வழக்கம் ஆறாந் தரத்திலேயே தொடங்கலாம். சொல்லின் பொருளை மட்டும் பார்த்து அகராதியை மூடிவிடும் பழக்கமே பெரும்பாலான மாணாக்கரிடம் உள்ளது. பொருளுக்கு முன் நிற்கும் எழுத்தையும் வாசிக்கப் பழக்குதல் சில நாட்களில் முடியும் காரியம். அங்கே "பேப்பர்", "கிளாஸ்", "ஹெயார்", "ஃபிஷ்", "எக்ஸ்பீரியன்ஸ்" போன்ற சொற்களுக்கு இரு எழுத்துக்களும் பொறிக்கப்பட்டிருக்கும். "பேப்பர்" எண்ணப்படாதவிடத்துக் கடதாசி, எண்ணப்படுமிடத்துப் பத்திரிகையோ பரீட்சை வினாத்தாளோ ஆகும். "ஃபிஷ்" வாவியில் நீந்துமிடத்து எண்ணப்படும், கறியாய்ச் சட்டியில் வேகுமிடத்து எண்ணப்படாது, எண்ணப்படும்போதும் பெரும்பாலும் பன்மை விகுதி ஏற்காது. இத்தகைய சொற்களை முதலிரு ஆண்டுகளில் தொடாது விட்டு, ஏனையவை உறுதிப்பட்ட பின்னர், ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வாக்கியமாக எழுதுவித்துக் கற்பித்தல் தகும்.